காகிதத்தில் மின்சுற்று: திருச்சியோடு இணைத்துப் படிக்க முக்கியக் குறிப்புகள்

அடிப்படை
• அச்சு மின்னணுவியல்: மின்கடத்தும் மையால் ஆன்டெனா, உணரி, மின்சுற்று ஆகியவற்றை அச்சிடும் முறை.
• வழக்கமான அடித்தளம்: பெட் (PET), பாலிஇமைடு ஆகிய பிளாஸ்டிக் படலங்கள். இரண்டும் பெட்ரோலிய வழி வந்தவை, மண்ணில் மக்காதவை.
• மாற்று: காகிதம். மூலப்பொருள் செல்லுலோஸ்; மலிவானது, மடங்கும், மக்கும்.
• 2008: லிஸ்பன் நோவா பல்கலைக்கழகத்தின் எல்விரா ஃபோர்ச்சுனாட்டோ, ரோட்ரிகோ மார்ட்டின்ஸ் குழு, காகிதத்தையே மின்காப்பு அடுக்காகக் கொண்ட டிரான்சிஸ்டரை உருவாக்கியது.

செய்முறை
• மை: வெள்ளி நானோ துகள், கார்பன், கிராஃபீன்.
• முறை: ஸ்கிரீன் பிரிண்டிங், இங்க்ஜெட், ஃபிளெக்ஸோ.
• பூச்சில்லாத தாளில் மை இழைகளுக்குள் ஊறிவிடும். கோடு அறுந்தால் மின்னோட்டமும் நிற்கும். எனவே கயோலின் அல்லது கால்சியம் கார்பனேட் பூசி, உருளைகளுக்கிடையே அழுத்தி வழவழப்பாக்குவர்.
• வெள்ளித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் மின்சாரம் நன்கு பாயும். அதற்குச் சூடு வேண்டும். சூடு மிஞ்சினால் தாள் பழுப்பேறும். ஆகவே கணநேர ஒளித்துடிப்பால் மையை மட்டும் சூடாக்கும் முறையும் உண்டு.
• காகிதம் ஈரத்தை இழுப்பது சுற்றுக்குக் குறை, உணரிக்கு நிறை. மூச்சுக்காற்றின் ஈரத்தால் மின்கடத்தல் மாறுவதைக் கொண்டு சுவாசத்தை அளக்கலாம்.

திருச்சி, ஸ்ரீரங்கம்
• மணப்பாறை வட்டம் மொண்டிப்பட்டி: தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் (டி.என்.பி.எல்., 1979) இரண்டாம் அலகு, 2016இல் உற்பத்தி தொடங்கியது. தயாரிப்பு: பூச்சிட்ட பல்லடுக்கு அட்டை (செய்முறையில் சொன்ன பூச்சோடு இணைத்துப் படிக்க). ஆண்டுத் திறன் 2 லட்சம் டன்.
• கரூர் மாவட்டக் காகிதபுரம்: முதல் அலகு, கரும்புச் சக்கையிலிருந்து காகிதம்.
• ஸ்ரீரங்கம் தீவின் திருவானைக்காவல்: சர் சி.வி. ராமன் பிறந்த ஊர் (7.11.1888). ராமன் விளைவு 1928. நோபல் பரிசு 1930.
• தொடர்பு: தாளில் அச்சிட்ட வெள்ளி நானோ துகள்கள் ராமன் சமிக்ஞையை (ராமன் விளைவால் சிதறும் ஒளியை) பலமடங்கு பெருக்கும். பூச்சிக்கொல்லி எச்சத்தின் மிகச் சிறு அளவையும் இப்படிக் கண்டறியலாம்.

சுற்றுச்சூழல்
• 2022இல் உலக மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3%.
• இந்தியாவின் மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள் 2022: நடைமுறை 1.4.2023 முதல்.
• காகிதம் என்பதாலேயே பசுமை ஆகிவிடாது. வெள்ளியை மீட்காவிட்டாலோ, மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டிவிட்டாலோ பாதிப் பயன் போய்விடும்.

மாதிரி வினா: காகித அடித்தளம் சுற்றுச்சூழல் நோக்கில் நிலைத்த தன்மை உடையதா? ஆராய்க.
விடைக்குறிப்பு: அடித்தளம், மை, மேற்பூச்சு, மீட்பு ஆகிய நான்கையும் எழுதுக. அடித்தளத்தோடு நின்றால் விடை முழுமை பெறாது.