தட்டுக்கு எதற்கு மார்க்?

கேள்வி: கலோரி கணக்குப் போடும் ஆப், நான் சாப்பிடுவதற்குத் தரமும் போடுகிறதே, அது தேவையா? — ஒரு வாசகி, திருச்சி

பதில்: பாக்கெட்டுக்குப் போடட்டும், தட்டுக்கு வேண்டாம். 2017-இல் பிரான்ஸ் கொண்டுவந்த நியூட்ரி-ஸ்கோர் என்ற பாக்கெட் உணவுத் தர முத்திரை, 100 கிராம் உணவை வைத்து 'ஏ' முதல் 'இ' வரை தரம் பிரிக்கிறது. இரண்டு பிஸ்கட் பாக்கெட்டுகளை ஒப்பிட அது சரி. ஆனால் இட்லிப்பொடிக்கு 100 கிராம் நல்லெண்ணெய் யார் ஊற்றுகிறார்கள்? அந்தத் தரமும் நிலையானதல்ல: 'சி' வாங்கிய ஆலிவ் எண்ணெய், கணக்கிடும் முறையை மாற்றியதும் 'பி' ஆகிவிட்டது. எண்ணெய் என்னவோ அதேதான்! புரதம், நார்ச்சத்து எவ்வளவு என்று ஆப் சொன்னால் போதும். மோசமான தரம் என்று ஆப் சிவப்பு காட்டுமே என்று பயந்து, தின்ற முறுக்கைப் பதியாமல் விடுகிறீர்களா? அப்படியானால் தரம் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். அணைக்க வழியில்லையென்றால் ஆப்பையே நீக்கிவிடுங்கள்.