மணி சொல் கேட்டது

செல்வியின் வீடு கோலார் தங்கவயலில் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிய லைன் வீடு அது. தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அதன்பின் ஊர்க்காரர்கள் பலர் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். செல்வியின் கணவர் குமரேசனும் அப்படித்தான். விடியும் முன் போவார். இருட்டிய பின் வருவார்.

வீட்டில் ஒரு நாட்டு நாய் உண்டு. பெயர் மணி. வயது ஒன்றரை. குட்டியாக இருந்தபோது மகன் ராஜா தெருவிலிருந்து தூக்கி வந்தான்.

மணி பாசமான நாய். ஆனால் ஒரு கெட்ட பழக்கம். யார் வந்தாலும் மேலே தாவும். குட்டியாக இருந்தபோது தாவினால் எல்லோரும் கொஞ்சினார்கள். வளர்ந்த பிறகு அதுவே தொல்லை ஆயிற்று. குமரேசன் விளக்குமாற்றால் அடிப்பார். செல்வி கத்துவாள். ராஜா பிஸ்கட் போட்டுச் சமாதானம் செய்வான்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுச் சிறுமி மோர் வாங்க வந்தாள். மணி ஓடி வந்து தாவியது. சிறுமி பயந்து கையை உதறினாள். மணியின் பல் அவள் கையைக் கீறிவிட்டது. ரத்தம் வந்தது.

செல்வி பதறினாள். ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்தாள். சோப்புப் போட்டு, தண்ணீர் ஊற்றி, 15 நிமிடம் காயத்தைக் கழுவினாள். சுண்ணாம்போ மஞ்சளோ வைக்கவில்லை. உடனே சிறுமியையும் அவள் அம்மாவையும் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்கள். அடுத்த ஊசிகளுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்கள்.

"பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா என்னக்கா செய்யறது?" என்று சிறுமியின் அம்மா கேட்டாள். செல்வியால் பதில் சொல்ல முடியவில்லை.

இரவு குமரேசன் வந்தார். விஷயம் கேட்டார். "ஞாயித்துக்கிழமை எங்கேயாவது தூரமா கொண்டுபோய் விட்டுட்டு வரேன்" என்றார். ராஜா அழுதான்.

"அதுக்கு முன்னால மாட்டாஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கிறேங்க" என்றாள் செல்வி.

மறுநாள் செல்வியும் ராஜாவும் மணியைக் கயிற்றில் கட்டி அழைத்துப் போனார்கள். டாக்டரம்மா மணியைப் பார்த்தார்.

"இதைக் கொண்டுபோய் விட்டுடாதீங்க. 10 நாள் கட்டி வைச்சுக் கவனிக்கணும். நோய் இருந்தா அதுக்குள்ள தெரியும். விட்டுட்டா எப்படிக் கவனிப்பீங்க? அந்தப் பிள்ளைக்கு ஊசியை மட்டும் நிறுத்தக் கூடாது. 10 நாள் கழிச்சு மணிக்கும் தடுப்பூசி போடலாம்" என்றார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"மணி தாவினா என்ன சொல்வீங்க?"

"நான் ‘சும்மா இரு’ன்னு சொல்வேன். அவர் ‘போ’ம்பார். இவன் ‘சிட்’ம்பான்" என்றாள் செல்வி.

டாக்டரம்மா சிரித்தார். "மூணு பேருக்கு மூணு சொல். ஒருத்தர் அடிக்கிறார். ஒருத்தர் பிஸ்கட் தர்றார். மணிக்கு என்ன புரியும்?"

"அடிச்சாத்தான் நாய் அடங்கும்னு அவர் சொல்றாரே?" என்றாள் செல்வி.

"அடி வாங்கின நாய் பயப்படும். பயந்த நாய் கடிக்கும். ஓநாய்க் கூட்டத்துல பலசாலி மத்ததை அடிச்சு அடக்குதுன்னு முன்னே சொன்னாங்க. அப்புறம் காட்டுல போய்ப் பார்த்தாங்க. அது ஒரு குடும்பம். தாயும் தகப்பனும் வழி காட்டுது. பிள்ளைங்க பின்னால போகுது. நீங்களும் மணிக்கு அப்படி இருக்கணும். கத்த வேண்டாம். அமைதியா, உறுதியா இருங்க" என்றார் டாக்டரம்மா.

அன்று முதல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சொல். அது "உட்கார்".

செல்வி சோற்றுத் தட்டை மணியின் தலைக்கு மேலே பிடிப்பாள். மணி அண்ணாந்து பார்க்கும். பார்த்துக்கொண்டே உட்காரும். உடனே "உட்கார், நல்ல பிள்ளை" என்று மெதுவாகச் சொல்வாள். தட்டைக் கீழே வைப்பாள். எழுந்து தாவினால் தட்டைத் தூக்கிவிடுவாள். திட்ட மாட்டாள். காத்திருப்பாள். காலையில் 5 நிமிடம், மாலையில் 5 நிமிடம் இந்தப் பயிற்சி நடந்தது.

மேலே தாவினால் முகம் பார்க்கக் கூடாது. பேசக் கூடாது. திரும்பி நிற்க வேண்டும். நான்கு காலும் தரையில் பட்ட பிறகுதான் தடவிக் கொடுக்க வேண்டும். ராஜா இதை இரண்டே நாளில் கற்றுக்கொண்டான்.

குமரேசனுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் ரயில் தாமதம். களைத்துப்போய் வந்தார். மணி அவர் மேல் தாவியது. சட்டை அழுக்காயிற்று. அவர் கை ஓங்கினார். மணி வாலை ஒடுக்கிக்கொண்டு சுவர் ஓரம் பதுங்கியது. பல்லைக் காட்டி உறுமியது.

குமரேசன் அதைப் பார்த்தார். டாக்டரம்மா சொன்னதாகச் செல்வி சொன்னது நினைவு வந்தது. கையை மெல்ல இறக்கினார். திரும்பி நின்றார். கொஞ்ச நேரம் போயிற்று. மணி அவர் பின்னால் வந்து நின்றது. தாவவில்லை.

"உட்கார்" என்றார் மெதுவாக.

மணி உட்கார்ந்தது. அன்றோடு விளக்குமாறு பெருக்குவதற்கு மட்டும் ஆயிற்று.

10 நாளும் மணி நன்றாக இருந்தது. அதற்கும் தடுப்பூசி போட்டார்கள். சிறுமியும் எல்லா ஊசியும் போட்டுக்கொண்டாள்.

இரண்டு மாதம் ஆயிற்று. புது ஆள் வந்தால் மணி இன்னமும் குரைக்கும். செல்வி "உட்கார்" என்பாள். மணி உட்காரும். வெளி ஆட்கள் வரும்போது கயிற்றிலும் கட்டி வைப்பாள்.

ஒரு நாள் அந்தச் சிறுமி வாசலில் வந்து நின்றாள். கையில் மோர்க் கிண்ணம். உள்ளே வரவில்லை.

"செல்வி அத்தை, மணியை உட்காரச் சொல்லுங்க" என்றாள்.

"நீயே சொல்லேன்" என்றாள் செல்வி, கயிற்றைப் பிடித்தபடி.

சிறுமி தயங்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

மணி உட்கார்ந்தது.

நினைவில் வையுங்கள்

1. நாயிடம் வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள்.
2. நல்லது செய்தால் உடனே பாராட்டுங்கள். அடிக்காதீர்கள்.
3. சிறு குழந்தையை நாயோடு தனியாக விடாதீர்கள்.
4. நாய்க்குட்டிக்கு 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பிறகு ஆண்டுதோறும் போடுங்கள்.
5. நாய் கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.
6. நாயைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது குற்றம். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இதைச் சொல்கிறது.

பேசிப் பாருங்கள்

மணியைக் கொண்டுபோய் விட்டிருந்தால் சிறுமியின் வீட்டார் எப்படித் தவித்திருப்பார்கள்?

குமரேசன் கையை இறக்கியது ஏன்?

உங்கள் வீட்டில் நாயிடம் யார் யார் என்ன சொல் சொல்கிறீர்கள்?