ஓவர்லே வலையமைப்பு: கேவிஎம் ஹோஸ்டுகளுக்குப் பயனுள்ள 15 குறிப்புகள்

அப்பாச்சி கிளவுட்ஸ்டாக்கில் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வலையமைப்பு கொடுக்க ஆரம்பித்தால், விஎலேன் எண்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். மொத்தமே 4094தான். விஎக்ஸ்லேன் என்ற ஓவர்லே முறையில் அடையாள எண் 24 பிட் என்பதால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் கிடைக்கும். விஎம் அனுப்பும் ஈதர்நெட் ஃபிரேமை அப்படியே ஒரு யுடிபி பாக்கெட்டுக்குள் வைத்து அடுத்த ஹோஸ்டுக்கு அனுப்புவதுதான் இதன் வேலை. கஷ்டம் என்னவென்றால், இதில் வரும் கோளாறுகளில் பல வாயே திறக்காது. லாகில் ஒரு வரியும் இருக்காது. பாக்கெட் மட்டும் காணாமல் போயிருக்கும். ஆகவே கீழிருந்து மேலாக, ஒவ்வொரு படியாகச் சரிபார்த்துக்கொண்டே போங்கள்.

1. கெஸ்ட் டிராஃபிக் போகும் இன்டர்ஃபேஸுக்கு ஒவ்வொரு ஹோஸ்டிலும் ஓர் ஐபி முகவரி கொடுங்கள். விஎலேன் முறையில் முகவரியே இல்லாத பிரிட்ஜ் போதும். விஎக்ஸ்லேனில் அது போதாது. கடிதத்தை இன்னொரு உறைக்குள் போடும்போது வெளி உறையில் முகவரி எழுதியாக வேண்டும் அல்லவா? அந்த முகவரி ஹோஸ்டுடையது. பழைய விஎலேன் அமைப்பிலிருந்து மாறுகிறவர்கள் இதை முதலில் பாருங்கள்.

2. டிராஃபிக் லேபிளாகக் கொடுக்கும் பெயர் எல்லா ஹோஸ்டிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். நெட்வொர்க் கார்டின் பெயர் சர்வருக்குச் சர்வர் மாறும். எல்லாவற்றிலும் 'கிளவுட்பிஆர்1' என்று ஒரே பெயரில் பிரிட்ஜ் அமைத்து, அதையே லேபிளாகக் கொடுத்தால் தலைவலி இல்லை.

3. ஐபிவி4 மேல் ஓடும் விஎக்ஸ்லேன் 50 பைட் கூடுதலாக எடுத்துக்கொள்ளும்: உள்ளே இருக்கும் ஈதர்நெட் தலைப்புக்கு 14, ஐபிக்கு 20, யுடிபிக்கு 8, விஎக்ஸ்லேனுக்கு 8. ஐபிவி6 என்றால் 70. விஎம்முக்கு முழு 1500 வேண்டுமானால் ஹோஸ்டின் கார்டில் எம்டியு குறைந்தது 1550 இருக்க வேண்டும். எம்டியுவோடு ஈதர்நெட் தலைப்பையும் சேர்த்து எண்ணும் சுவிட்சுகள் உண்டு. அதனால் சுவிட்சில் இழுத்துப் பிடித்து 1550 வைக்காமல், ஜம்போ ஃபிரேமைத் தாராளமாகத் திறந்துவிடுங்கள்.

4. சுவிட்ச் உங்கள் கையில் இல்லையா? விஎம்மின் எம்டியுவை 1450 ஆகக் குறைத்துவிடுங்கள். ஒவ்வொரு விஎம்முக்குள்ளும் போய் மாற்றத் தேவையில்லை. டிஎச்சிபியின் 26ஆம் ஆப்ஷன் அந்த வேலையைச் செய்யும். டெம்ப்ளேட்டில் யாராவது 1500 என்று நிலையாக எழுதிவைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

5. சாதாரண பிங் போய் வந்ததும் திருப்தியாகிவிடாதீர்கள். பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்ற கட்டளையோடு பெரிய அளவில் பிங் அனுப்புங்கள். பிங்கின் தலைப்புகளுக்கு 28 பைட் போவதால், 1550 எம்டியுவைச் சோதிக்க 1522 என்று அளவு கொடுக்க வேண்டும். சின்ன பிங் போகிறது, எஸ்எஸ்எச் இணைந்தவுடன் உறைந்துவிடுகிறது, வலைப்பக்கம் பாதியில் நிற்கிறது என்றால் சந்தேகம் முதலில் எம்டியு மேல்தான் விழ வேண்டும்.

6. போர்ட் எண்ணில் ஏமாறாதீர்கள். விஎக்ஸ்லேனுக்கு முறையாக ஒதுக்கப்பட்ட யுடிபி போர்ட் 4789. ஆனால் அந்த எண் வழங்கப்படும் முன்பே, 2012இல் 3.7ஆம் பதிப்பிலேயே, லினக்ஸ் கர்னலில் விஎக்ஸ்லேன் வந்துவிட்டது. அதனால் வேறு எண் சொல்லாவிட்டால் கர்னல் 8472ஐ எடுத்துக்கொள்ளும். இன்டர்ஃபேஸின் விரிவான விவரத்தைப் பார்த்து எந்த எண் என்று உறுதிசெய்துகொண்டு ஃபயர்வாலில் அதைத் திறங்கள். ஒரு பக்கம் 4789, மறு பக்கம் 8472 என்றிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே செய்யாது.

7. ஜோன் அமைத்தவுடன் ஹோஸ்டில் போய்த் தேடி, விஎக்ஸ்லேன் இன்டர்ஃபேஸே இல்லையே என்று பதற வேண்டாம். அந்த வலையமைப்பின் முதல் விஎம் அந்த ஹோஸ்டில் எழும்போதுதான் அதற்கான இன்டர்ஃபேஸும் பிரிட்ஜும் உருவாகும்.

8. ஒரே சுவிட்சைப் பகிரும் இரண்டு ஜோன்களுக்கு ஒன்றின் மேல் ஒன்று விழும் விஎக்ஸ்லேன் எண் வரம்பைக் கொடுக்காதீர்கள். மல்டிகாஸ்ட் முறையில் கிளவுட்ஸ்டாக் அந்த எண்ணிலிருந்தேதான் குழு முகவரியைக் கணக்கிடுகிறது. 5000 என்ற வலையமைப்புக்கு 239.0.19.136 வரும். எண் ஒன்றானால் குழுவும் ஒன்றாகி, இரு ஜோன்களின் டிராஃபிக்கும் கலந்துவிடும்.

9. 20 வலையமைப்பு வரை ஒழுங்காக ஓடிய ஹோஸ்ட் அடுத்ததற்கு அடம்பிடித்தால், 'நோ பஃபர் ஸ்பேஸ் அவைலபிள்' என்ற செய்தி வருகிறதா பாருங்கள். நினைவகம் போதவில்லை என்று ராமை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். சேரக்கூடிய ஐஜிஎம்பி குழுக்களின் எண்ணிக்கைக்கு லினக்ஸில் இயல்பாக உள்ள உச்சவரம்பு 20. சிஸ்சிடிஎல் வழியாக அதை 200 ஆக்குங்கள். அமைப்புக் கோப்பிலும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் பழையபடி 20தான்.

10. தொடங்கும்போது நன்றாக ஓடி, சில நிமிடங்களில் விஎம்கள் ஒன்றையொன்று எட்ட முடியாமல் போனால் சுவிட்சின் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கைப் பாருங்கள். ஸ்னூப்பிங் இருந்து குவெரியர் இல்லாவிட்டால், யார் எந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்பதைச் சுவிட்ச் சிறிது நேரத்தில் மறந்துவிடும். குவெரியரை இயக்குங்கள், முடியாவிட்டால் அந்த விஎலேனில் மட்டும் ஸ்னூப்பிங்கை நிறுத்துங்கள்.

11. ஹோஸ்டுகளுக்கு நடுவே ரூட்டர் இருந்தால், அதில் மல்டிகாஸ்ட் ரூட்டிங் அமைக்காமல் பாக்கெட் தாண்டாது. அங்கே இவிபிஎன் நல்ல மாற்று. எஃப்ஆர்ஆர் மென்பொருள் மூலம் எந்த மேக் முகவரி எந்த ஹோஸ்டில் இருக்கிறது என்பதை பிஜிபியே எல்லோருக்கும் சொல்லிவிடும். அப்போது விஎக்ஸ்லேன் இன்டர்ஃபேஸில் தானாகக் கற்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

12. இரண்டு கேபிளை பாண்ட் செய்தும் ஒன்றில் மட்டும் நெரிசலா? பாண்டின் ஹாஷ் கொள்கை இயல்பாக மேக் முகவரியைப் பார்ப்பதால், இரண்டு ஹோஸ்டுகளுக்கு இடையிலான மொத்த டிராஃபிக்கும் ஒரே கேபிளில் போகும். அதை 'லேயர் 3+4' என்று மாற்றுங்கள். உள்ளே ஓடும் இணைப்புக்கு ஏற்ப விஎக்ஸ்லேன் தன் சோர்ஸ் போர்ட்டை மாற்றிக்கொள்வதால் சுமை இரண்டிலும் பிரியும்.

13. விஎக்ஸ்லேன் எதையும் மறையாக்கம் செய்யாது. அனுப்புகிறவர் யார் என்றும் கேட்காது. டனலுக்குத் தனி விஎலேன் ஒதுக்கி, பிற ஹோஸ்டுகளின் முகவரிகளுக்கு மட்டும் ஃபயர்வாலைத் திறந்துவையுங்கள். ஊர் விட்டு ஊர் போகிறது என்றால் வயர்கார்டுக்குள் விட்டு அனுப்பலாம். அதன் வழக்கமான எம்டியு 1420. ஆகவே விஎம்முக்கு மிஞ்சுவது 1370.

14. பாக்கெட் எங்கே தொலைகிறது என்று ஊகிப்பதைவிட டிசிபிடம்ப்பை வைத்துப் பின்தொடருங்கள். அனுப்பும் ஹோஸ்டில் விஎம்மின் டேப் இன்டர்ஃபேஸ், பிரிட்ஜ், விஎக்ஸ்லேன் இன்டர்ஃபேஸ், கடைசியாக நிஜக் கார்டு. பெறும் ஹோஸ்டில் இதே வரிசை தலைகீழாக. பிரிட்ஜ் வரை வந்து அப்பால் போகவில்லை என்றால், பிரிட்ஜ் வழிப் பாக்கெட்டையும் ஹோஸ்டின் ஐபிடேபிள்ஸ் வடிகட்டுகிறதா என்று பாருங்கள்.

15. சோதனைக்கு எடுக்கும் இரண்டு விஎம்களும் ஒரே ஹோஸ்டில் இருந்தால் அந்தச் சோதனை செல்லாது. பாக்கெட் பிரிட்ஜிலேயே திரும்பிவிடும். டனலைத் தொடவே தொடாது. வெவ்வேறு ஹோஸ்டில் வைத்துப் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுங்கள். பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு விஎம்மை மூன்றாவது ஹோஸ்டுக்கு மைக்ரேட் செய்யுங்கள். பிறகு ஒரு ஹோஸ்டை ரீபூட் செய்து இதையே மறுபடி பாருங்கள். கையால் தட்டிய அமைப்புகளில் எதைக் கோப்பில் எழுத விட்டிருக்கிறீர்கள் என்பது அப்போது தெரிந்துவிடும். இந்த மூன்றும் தேறிய பிறகு வாடிக்கையாளரை உள்ளே விடுங்கள்.