பஸ் ஏறுங்கள்... தண்ணீர் ஓரமாக நடங்கள்!

"டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லிட்டார் ஸார். ஆனா, எங்கே நடக்கிறது?"

கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் பக்கம் குடியிருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இதே கேள்விதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. மெயின் ரோட்டில் பிளாட்பாரம் என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர் லாரி ஒரு பக்கம், மெட்ரோ ரயில் வேலை இன்னொரு பக்கம். உள் தெருவில் நாய்கள். மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடக்கலாம் என்று ஆரம்பிப்பவர்கள் பத்தாம் நாள் அலுத்துப் போகிறார்கள். புது ஷூ பரண் மேல் ஏறிவிடுகிறது.

நடையை நிறுத்துவது சின்ன விஷயமா? சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்றிருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். தனி ஆலோசனை எதுவும் தரப்படாத பிரிவில் 55 சதவிகிதம் பேர் சர்க்கரை நோயாளிகளாகிவிட்டார்கள். நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு இரண்டையும் கடைப்பிடிக்கச் சொன்ன பிரிவில் அது 39 சதவிகிதம்தான். தினம் அரை மணி விறுவிறு நடை. அவ்வளவுதான் அவர்களிடம் கேட்கப்பட்ட உழைப்பு. மாத்திரை மட்டும் சாப்பிட்ட பிரிவுக்கும் ஏறக்குறைய இதே பலன்தான். நம் ஊர் ஜனங்களை வைத்து, நம் ஊர் சாப்பாட்டோடு செய்த ஆய்வு என்பதால் இதை நான் அதிகம் மதிக்கிறேன்.

ஆக, நடை நிற்கக் கூடாது. நிற்காமலிருக்க, நடக்கிற இடம் மனசுக்குப் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் தண்ணீர் ஓரம்!

தென் சென்னை புறநகர்க்காரர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. நாம் குடியிருப்பதே ஒரு நீர்ப்பாதையின் மேல். கீழ்க்கட்டளை ஏரி நிறைந்தால் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்கு வரும். அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அங்கே தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, தெற்கே ஓடி, முட்டுக்காட்டில் கடலைத் தொடும். மழைக்காலத்தில் நம் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே, அதுவும் இந்த வழியைத் தேடித்தான் தவிக்கிறது. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தால் இந்த வழியை ஒரு பேப்பரில் வரைந்து காட்டுங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு இடமாக பஸ்ஸில் போய் நடங்கள். பெரியவர்களுக்கு நடை, சின்னவர்களுக்குப் பாடம்.

முதல் ஞாயிறு பள்ளிக்கரணைக்கு வைத்துக் கொள்ளுங்கள். பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் போகும் பஸ் போதும். 2021-ல் அங்கே சதுப்பு நிலத்தை ஒட்டி சூழலியல் பூங்கா திறந்தார்கள். நடைபாதை போட்டிருக்கிறார்கள்; வண்டி தொல்லை இல்லை. 2022-ல் இந்தச் சதுப்பு நிலத்தின் 1,247 ஹெக்டேர் பரப்புக்கு சர்வதேச ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி, சில சமயம் பூநாரைக் கூட்டம்கூடப் பார்க்கலாம். ஒன்று மட்டும்... பறவையைப் பார்க்க நாலு அடிக்கு ஒருதரம் நின்றால் அது வேடிக்கை, நடை அல்ல! முதல் சுற்று நடைக்கு, இரண்டாவது சுற்று பறவைக்கு என்று பிரித்துக் கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே பெருங்குடி குப்பைக் கிடங்கு இருப்பதை மறந்துவிடக் கூடாது. 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்து எரிந்தபோது சுற்றுவட்டாரமே புகையில் மூழ்கியது. புகை வாடை தெரிகிற நாளில் ஆஸ்துமாக்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்து பக்கிங்ஹாம் கால்வாய். இதன் கதையே ஒரு தனிப் புத்தகம். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்ட ஆரம்பித்தது. அப்போது கொக்ரேன் கால்வாய் என்று பெயர். 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், சோற்றுக்கு வழியில்லாத ஜனங்களுக்குக் கூலி கொடுத்து, அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். கவர்னர் பக்கிங்ஹாம் பெயர் வந்தது அப்போதுதான். காற்று இல்லாத நேரத்தில் படகோட்டிகள் கரையில் இறங்கி, கயிறு கட்டிப் படகை இழுத்துக்கொண்டே நடப்பார்களாம். அந்தக் கரைகள் அப்போதே நடைபாதைதான்.

ஆனால், இன்றைக்கு நகரத்துக்குள் இந்தக் கால்வாய் ஓரம் நடக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முக்கால்வாசி சாக்கடை. அழுகிய முட்டை வாடை அடித்தால், தேங்கிய கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்புகிறது என்று அர்த்தம். தலைவலியும் குமட்டலும்தான் மிச்சம். அதனால் கால்வாய் கடலைத் தொடும் இடத்துக்கே போய்விடுங்கள். திருவான்மியூர் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் பஸ் ஏறினால் முட்டுக்காடு. 1984-லிருந்து அங்கே படகுத்துறை இருக்கிறது. அகன்ற உப்பங்கழி, அலை ஏறி இறங்குவதால் தண்ணீர் தேங்குவதில்லை. பாலத்தின் மேல் நடக்காதீர்கள், வண்டிகள் பறக்கும். கோவளம் பக்கம் இறங்கி மணலில் நடக்கலாம். மணலில் பத்து நிமிடம் நடந்தாலே கெண்டைக்கால் பேசும். மூட்டு வலிக்காரர்கள் தண்ணீர் பட்டு இறுகிய மணலில் மட்டும் நடக்க வேண்டும்.

நிஜமான கிராமம் பார்க்க ஆசையா? மேடவாக்கத்திலிருந்து கிழக்குத் தாம்பரம் பஸ், ரயில் நிலையத்தைத் தாண்டி மேற்குத் தாம்பரம், அங்கிருந்து முடிச்சூர் வழியாக மணிமங்கலம் பஸ். வழியில் கடப்பது நம் அடையாறு! இங்கே அது சின்னப் பையன் மாதிரி இருக்கும். 2015 டிசம்பரில் இதே பையன்தான் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தான். மணிமங்கலம் பெரிய ஏரியின் உபரி நீரும் அடையாறில்தான் சேர்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் புலிகேசியை முறியடித்த மணிமங்கலமும் இதுவே. ஏரி, வயல், பழைய கோயில் என்று ஒரு காலைப் பொழுது போவதே தெரியாது.

பஸ் எதற்கு, காரில் போகலாமே என்பீர்கள். காரில் போனால் கார் நிற்கிற இடத்துக்கே திரும்பி வர வேண்டும். கால் லேசாக வலித்தாலும் பாதியில் ஏறி உட்கார்ந்து விடுவீர்கள். பஸ்ஸில் அந்த வசதி இல்லை. ஒரு ஸ்டாப்பில் இறங்கி, அடுத்த ஸ்டாப் வரை நடந்துதானே ஆகணும்? பெண்களுக்கு சாதாரணக் கட்டண பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் செலவும் இல்லாமல் போனது. "அவர் வந்தாத்தான் நான் வருவேன்" என்று காத்திருக்காமல், பக்கத்து வீட்டு அக்காவோடு கிளம்புங்கள்.

வேகம் எவ்வளவு? கூட வருபவரோடு பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. இதுதான் சரியான அளவு. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது கேட்கிறது. ஞாயிறு நடை ஒரு மணி நேரம் என்றால் மீதி 90 நிமிடத்தை மூன்று நாள், பக்கத்தில் உள்ள ஏரிக்கரையில் முடித்துவிடலாம். எல்லா ஏரிக்கரையும் லாயக்கில்லை. இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலமும், ஆள் நடமாட்டமும் உள்ள கரையாகப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் பஸ் ஏறவே கூடாது. பஸ் தாமதமானால் டிபன் தாமதமாகும். சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டும். பையில் நாலு ஸ்பூன் குளுக்கோஸ் பொட்டலம், தண்ணீர், பிஸ்கட் அவசியம். காலில் மரத்த உணர்வு உள்ளவர்கள் செருப்பு வேண்டாம், ஷூவும் பருத்தி சாக்ஸும் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். முள் குத்தியதே தெரியாமல் புண்ணாகி, ஆஸ்பத்திரி வரை போனவர்கள் நிறைய.

மழை விட்ட பிறகு தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். எலி சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சின்ன வெட்டு வழியாகவே எலிக் காய்ச்சலைக் கொண்டுவரும். நடந்து வந்த சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால், "தண்ணீரில் இறங்கினேன்" என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நடக்கும்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி என்றால் அங்கேயே உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள். அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம்.