கையெழுத்துப் போடும் முன்

திருவண்ணாமலை

அன்புள்ள பாப்பாவுக்கு, சித்தி எழுதுவது.

மனநல வார்டில் மாணவிகளுக்கு மார்க் போடும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாக அப்பா போனில் சொன்னார். சித்திக்குச் சந்தோஷம்தான், கவலையும்தான்.

ரெக்கார்டு நோட்டுக் கதை உனக்குத் தெரிந்ததே. வாயே திறக்காத நோயாளி பக்கம் பக்கமாகப் பேசியதாக எழுதி, கையெழுத்து அழகுக்கு மார்க் வாங்கிய பிள்ளைகள் அந்தக் காலத்திலும் உண்டு. அவர் சாப்பிட்டாரா என்று கேட்டால் விழிப்பார்கள். சித்திக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு இருக்கிறது. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்திய முறை; இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டத்திலும் உண்டு. எல்லோருக்கும் ஒரே செக்லிஸ்ட், பாரபட்சம் குறையும். ஆனால் நோயாளியாக நடிப்பவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுவார். வார்டில் இருப்பவரோ சுவரைப் பார்த்தபடி கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அப்போது மாணவி கேள்விகளை அடுக்குகிறாளா, எழுந்து போகிறாளா, பக்கத்திலேயே சும்மா இருக்கிறாளா? நீ அங்கே நின்றால்தான் தெரியும்.

நம் ஊரையே எடுத்துக்கொள். லித்தியம் மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் சித்ரா பௌர்ணமிக்கு விரதமிருந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறார். உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கை நடுங்கும், வாந்தி பேதி வரும், நடை தள்ளாடும். பார்ப்பவர்கள் வெயில் என்பார்கள், அருள் என்பார்கள். 0.6 முதல் 1.2 வரை என்று அளவை ஒப்பிக்கும் பெண்ணுக்கு, “மலை சுத்தினீங்களா? தண்ணி குடிச்சீங்களா?” என்று கேட்கத் தோன்றுமா?

ஏர்வாடி மனநலக் காப்பகத்தை மறக்காதே. 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது. ஆள் பற்றாக்குறை என்று சொல்லிக் கட்டிப்போடவும் கூடாது. பிரிவு எண்ணை எழுதுபவளுக்கு மார்க் கொடு. கத்துகிறவர் முன்னால் குரலைத் தாழ்த்தி, எட்ட நின்று, வழி விட்டுப் பேசுகிறவளுக்குக் கூடுதலாகக் கொடு.

நோட்டைத் திருத்துவதா, வார்டில் நிற்பதா, உன் இஷ்டம், சித்தி வற்புறுத்தவில்லை. ஆனால் கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடாதே. பிரின்சிபால் அவசரப்படுத்தினாலும் போடாதே.

ரொம்பப் பேசிவிட்டாள் சித்தி என்று கோபித்துக்கொள்ளாதே, தங்கமே. உன் பொறுமை நம் வீட்டில் யாருக்கும் கிடையாது. நீ எது செய்தாலும் சரியாகத்தான் இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. தீபத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடு, மொட்டை மாடி உனக்குத்தான். வேலை இருக்கிறது என்றால் பரவாயில்லை, பொரி உருண்டையை அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறாள் சித்தி.