விசா வந்தது, மெடிக்கல் முடிந்தது

2020 ஜூன் முதல் வாரத்துக்கும் ஜூலை 1-க்கும் இடையில் ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மூன்று முறை வந்தது. கொழும்பு, மாலே, கடைசியாக ஈரானின் பந்தர் அப்பாஸ் என்று மூன்று இடங்களில் கொரோனா முடக்கத்தால் தவித்தவர்களைக் கொண்டுவந்து இறக்கியது. அவர்களை டிவியில் பார்த்தோம். பெட்டி கட்டிவைத்துவிட்டு, போக வழியில்லாமல் அதே தூத்துக்குடிக் கரையில் புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் உட்கார்ந்திருந்த கப்பல்காரர்களை யார் பார்த்தார்கள்?

அந்த ஆண்டு மார்ச்சிலேயே அமெரிக்கத் தூதரகங்கள் வழக்கமான விசா வேலையை நிறுத்திவிட்டன. அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போகிற மாலுமிக்கு சி1/டி விசா வேண்டும். கப்பலுக்கே மொத்தமாக ஒரு விசா தரும் வழக்கத்தை 2004-லேயே எடுத்துவிட்டார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாக வாங்க வேண்டும். விசா கையிலிருந்தவரை, கப்பலுக்கு ஆள் எடுக்கும் மேனிங் ஏஜென்ட் முதலில் கூப்பிட்டார். 2021 ஏப்ரல் கடைசியில் அமீரகம் இந்திய விமானங்களை நிறுத்தியது, சிங்கப்பூர் இந்தியாவிலிருந்து வரும் மாலுமிகளை ஏற்க மறுத்தது. விசா வைத்திருந்தவர்களும் கரையிலேயே நின்றார்கள்.

இப்படித் தேங்கும் வரிசையை நாம் நகர்த்த முடியாது. ஆனால் காத்திருக்கும் காலத்தில் மற்ற காகிதங்கள் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம். வேலை பறிபோவது பெரும்பாலும் அங்கேதான். மாலுமியின் மெடிக்கல் சான்றிதழுக்கு ஆயுள் 2 வருடம். அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு 5 வருடம். பாஸ்போர்ட்டில் 6 மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பல நாடுகள் ஏற்காது. எட்டு மாதம் காத்திருந்து விசா வரும் நாளில் மெடிக்கலில் இரண்டு மாதம்தான் பாக்கி என்றால், ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் செல்லும் சான்றிதழ் உள்ள அடுத்த ஆளைக் கம்பெனி அனுப்பிவிடும். எல்லா முடிவுத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். எது முதலில் முடிகிறதோ அது மேலே.

கொரோனா காலத்தில் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் சான்றிதழ்களுக்கு நீட்டிப்பு கொடுத்தது உண்மை. அப்படி ஒரு உத்தரவு வந்தால் எண், தேதியோடு பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட்டுடன் வையுங்கள். ஏர்லைன்ஸ் கவுன்டரில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அடுத்தது பெயர். நம் கரையில் இது தனிப் பாடு. ஆதாரில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், மாலுமிப் புத்தகமான சிடிசியில் பெர்னாண்டோ, பள்ளிச் சான்றிதழில் பர்னாந்து. கோவின் தடுப்பூசிச் சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கும் வசதி 2021-ல் வந்தபோது, பெயர் பொருந்தாதவர்கள் அதைத் திருத்த அலைந்தார்கள். கோவாக்சின் போட்டவர்கள் பாடு வேறு: அந்த ஊசியை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டதே 2021 நவம்பர் 3-ல்தான். ஊசி விஷயம் நம் கையில் இல்லை. பெயரை மட்டும் வேலை இல்லாத மாதத்தில் உட்கார்ந்து திருத்திவிடுங்கள்.

விசாவுக்குக் கட்டிய கட்டணத்தின் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். சேவை நின்றதால் நேர்காணலுக்குப் போக முடியாதவர்களின் ரசீதுக்கு அமெரிக்கா 2023 செப்டம்பர் 30 வரை காலம் நீட்டியது. பத்திரமாக வைத்திருந்தவர் மறுபடி பணம் கட்டவில்லை.

அவசர நேர்காணல் கேட்கும் வழி உண்டு. “சார், ரொம்ப அவசரம்” என்று எழுதினால் நடக்காது. கம்பெனி லெட்டர்ஹெட்டில் கப்பலின் பெயர், ஐஎம்ஓ எண், ஏறும் துறைமுகம், தேதி நான்கும் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை நீங்களே கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் தானாக அனுப்புவார் என்று இருக்காதீர்கள்.

“விசா வரிசையில் உன் பெயரை முன்னால் தள்ளுகிறேன், ஒரு லட்சம் கொடு” என்று ஒருவர் வந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அப்படித் தள்ள ஆளே கிடையாது. கப்பலில் ஏற்றிவிட மாலுமியிடம் பணம் வாங்குவதும் சட்டப்படி குற்றம். ஏஜென்சிக்கு ஆர்பிஎஸ்எல் என்ற ஆள்சேர்ப்பு உரிமம் இருக்கிறதா என்று டிஜி ஷிப்பிங் தளத்தில் பார்த்துவிட்டே பேச்சைத் தொடங்குங்கள்.

பலர் கோட்டை விடுவது வருமான வரியில். ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்துவிட்டால் நீங்கள் என்ஆர்ஐ இல்லை. விசாவுக்காக வீட்டில் கழிந்த அரை வருடம், மீதி அரை வருடக் கப்பல் சம்பளத்துக்கு வரி கொண்டுவந்துவிடும். வெளிநாட்டுப் பயணக் கப்பல் என்றால் நாள் எண்ணுவது சிடிசியில் உள்ள சைன் ஆன், சைன் ஆஃப் தேதிகளை வைத்துத்தான். விமான டிக்கெட்டை வைத்து அல்ல. அந்தப் பக்கங்களை போட்டோ எடுத்து வையுங்கள். செப்டம்பர் வந்தும் கரையில் இருந்தால், ஏப்ரல் 1 முதல் எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிக்கொண்டு ஆடிட்டரைப் பாருங்கள். மார்ச்சில் போனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.