கடைக் கணினிக்கு கிளவுட் பேக்கப்: சாவி பத்திரம்!

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. அந்த மாவட்டத்துக் கண்டாச்சிபுரத்தில் ஸ்டுடியோ, ஜெராக்ஸ் கடை, கணினி மையம் நடத்துபவர்கள் கல்யாண ஆல்பத்தையும் கணக்கையும் ஒரே ஹார்டு டிஸ்க்கை நம்பி விடக் கூடாது. அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3-இல் பேக்கப் வைக்கிறீர்களா? இவற்றைக் கவனியுங்கள்.

1. ரூட் கணக்கை (எல்லா அதிகாரமும் உள்ள முதன்மைக் கணக்கு) பேக்கப் மென்பொருளில் இணைக்காதீர்கள். கசிந்தால் மொத்தக் கணக்கும் போகும். பில் உங்கள் தலையில் விழும்.

2. ரூட் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். பாஸ்வேர்டு தெரிந்தாலும் மற்றவர் எளிதில் நுழைய முடியாது.

3. பேக்கப்புக்கென ஐஏஎம் யூசர் (கணக்குக்குள் தனிப் பயனர்) ஒன்றை உருவாக்கி, ஒரே பக்கெட்டுக்கு (கோப்புகள் சேரும் இடம்) மட்டும் அனுமதி கொடுங்கள். சாவி களவு போனாலும் சேதம் அங்கேயே நிற்கும்.

4. அந்த யூசரின் சாவியான சீக்ரெட் கீ திரையில் வந்ததுமே பாஸ்வேர்டு மேனேஜரில் சேமியுங்கள். ஒரே முறைதான் காட்டும். தவறவிட்டால் புதுச் சாவிதான் எடுக்க வேண்டும்.

5. சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், மானிட்டரில் ஒட்டாதீர்கள். யார் கையில் கிடைத்தாலும் வேலை செய்யும்.

6. பக்கெட்டில் வெர்ஷனிங்கை (பழைய பிரதிகளை வைத்திருக்கும் வசதி) இயக்குங்கள். வைரஸ் கெடுத்த கோப்பு மேலேறினாலும் பழைய பிரதி இருக்கும்.

7. பேக்கப் மென்பொருளில் பூட்டு (என்கிரிப்ஷன்) போட்டிருந்தால், அதன் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வீட்டுப் பீரோவில் வையுங்கள். அது தொலைந்தால் பேக்கப் இருந்தும் திறக்காது.

8. சாவி தெரிந்த வேலையாள் வேலையை விட்டு நின்றால், புதுச் சாவியைப் பொருத்திவிட்டுப் பழையதை நீக்குங்கள். இடையில் பேக்கப் தடைபடாது.

9. மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு ஆல்பத்தை இறக்கித் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.